அந்த மேட்ச்சுக்கு யார் போனார்கள்?

“எல்லாந்தான் போன்ல இருக்கே சித்தப்பா, இத எதுக்கு இன்னும் கட்டி வச்சிருக்கீங்க?” என்று அண்ணன் மகன் கேட்டான். வீட்டில் பங்குப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டாங்கட்டில் எங்கள் அறையில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகள் சணல் கயிறு போட்ட கட்டுகளாகச் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை ஒழித்தால் எது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். மரச் சாமானும் பீங்கானும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். பித்தளைக்குத் தனி ஆள் வருவார். தாள் எடைக்குப் போகும். அவன் ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. விளையாட்டு என்றால் உயிரை விடுகிற பையன். இங்கிலாந்து ஃபுட்பால் லீகில் எந்த அணி யாரை வாங்கப் போகிறது என்பதெல்லாம் நான் காபி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவான். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் அடங்கவே இல்லை. அன்றைக்குச் சட்டென்று ஒரு பதில் சொல்ல வரவில்லை.

தாளின் வாசனை, கையில் பிடித்துப் படிக்கிற சுகம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் பதிலாக ஏற்பதில்லை. வாசனைக்காக யாரும் ஒரு அறையை ஒதுக்கி வைக்கச் சொல்ல முடியாது. படம் என்று பார்த்தாலும் இன்றைக்குப் போனில் வரும் படத்தின் துல்லியத்துக்கு அந்தக் காலத்து அச்சு கிட்டவே நிற்காது. செய்தியின் வேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் என்னவோ ஒன்று போய்விட்டது என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது. அது என்ன என்பது பிடிபடச் சில மாதங்கள் ஆனது.

அலமாரிக் கதவுக்கு உள்பக்கம்

1978-ல் ஸ்போர்ட்ஸ்டார் வார இதழாகத் தொடங்கியது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுக்கு வந்தபோது அது காரைக்குடி ரயிலடிக் கடையிலும் சலூன்களிலும் தவறாமல் கிடைக்கிற பொருளாகிவிட்டிருந்தது. ஆங்கிலப் பத்திரிகைதான். தமிழ் வழியில் படித்த நாங்கள் அதைப் படித்தே பாதி ஆங்கிலம் கற்றோம். கல்கத்தாவிலிருந்து ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட் வரும். இந்தியக் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்த பட்டோடி அதற்கு ஆசிரியர் என்பதே அதை வாங்கப் போதுமான காரணமாக இருந்தது. எங்கள் தெரு சலூனில் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைவிட நடுப்பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நடுப்பக்கத்தை யாராவது உருவிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு முழுவதும் கத்திக்கொண்டிருப்பார்.

அந்த நடுப்பக்கப் படத்தைக் கிழியாமல் எடுப்பது ஒரு வேலை. பேனாக்கத்தி முனையை விட்டுப் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி, தாளை மேலே தூக்கி, திரும்பவும் காலை மடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் மற்றப் பக்கங்கள் கழன்றுவிடும். எடுத்ததை எங்கே ஒட்டுவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. அதில் பசை படக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. அப்பத்தா கண்ணில் பட்டால் தொலைந்தோம். அதனால் தேக்கு அலமாரிக் கதவின் உள்பக்கம்தான் எங்கள் காட்சிக்கூடம். 1986-ல் மரடோனா, அதற்கு மறு வருஷம் உலக ஜூனியர் சதுரங்கப் பட்டம் வாங்கிய விஸ்வநாதன் ஆனந்த், 1988-ல் ஸ்டெஃபி கிராஃப் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தோம். இப்போதும் அந்தக் கதவைத் திறந்தால் பசையின் மஞ்சள் தடம் தெரிகிறது.

எங்கள் ஊருக்கு இன்னொரு வழியிலும் பத்திரிகை வந்தது. பினாங்கில் இருந்த அம்மான் ஊருக்கு வரும்போதெல்லாம் கோடாலித் தைலத்தோடும் மைலோ டப்பாவோடும் ஷூட் என்ற இங்கிலாந்து ஃபுட்பால் வார இதழைக் கட்டாகக் கொண்டுவருவார். 1969-ல் பிறந்து 2008-ல் நின்றுபோன இதழ். சீசன் தொடக்கத்தில் அவர்கள் ஒரு அட்டை தருவார்கள். அட்டையில் வரிசையாகக் கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சின்னத் துண்டு. வாராவாரம் முடிவு வந்ததும் துண்டுகளைப் பிடுங்கி, மேலே போன அணியை மேலே செருகி, கீழே போனதைக் கீழே செருக வேண்டும். சனிக்கிழமை ராத்திரி பிபிசி சிற்றலையில் முடிவுகளை வாசிப்பார்கள். இரைச்சலுக்கு நடுவே காதை ஒட்டி வைத்துக் கேட்டு, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து நானும் அண்ணனும் துண்டுகளை மாற்றிச் செருகுவோம். ஒருமுறைகூடப் பார்த்திராத மைதானங்கள். ஆனால் எந்த அணி எந்த இடத்தில் நிற்கிறது என்பது எங்கள் விரலுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லும்போது மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இது என் பால்யம் போனதற்கான வருத்தமே தவிர, பத்திரிகை போனதற்கான வருத்தம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம்மில் பலரும் இந்த விஷயத்தைப் பேசுகிறோம்.

எப்படி நின்றன

டிவி வந்ததால் பத்திரிகை செத்தது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் பக்கம் கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்பு, மாடியில் உயரக் கம்பம் நட்டு ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பி இலங்கையின் ரூபவாகினியைத்தான் பிடிப்பார்கள். மழைத்தூறல் மாதிரி புள்ளி புள்ளியாகப் படம் வரும். பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் படிக்கவேண்டும் என்ற ஆசையே கூடியது. கபில்தேவ் அணி 1983-ல் கோப்பையை வாங்கிய பிறகு இந்த இதழ்களுக்கு மவுசு ஏறியதே தவிர இறங்கவில்லை.

இணையம் வேறு இடத்தில் கை வைத்தது. 1993-ல் சில தன்னார்வலர்கள் சேர்ந்து கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டில் ஸ்கோர் தெரியாமல் தவித்த மாணவர்களுக்கு அது ஓர் உதவி, அவ்வளவுதான். பத்து வருஷத்தில் அதைக் கிரிக்கெட் ஆண்டு மலருக்குப் பேர்போன விஸ்டன் குழுமம் வாங்கியது, 2007-ல் அமெரிக்க விளையாட்டு டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன் வாங்கியது. வாசகர் அங்கே போனார், அவர் பின்னாலேயே விளம்பரமும் போனது. ஒரு பளபளத் தாள் பத்திரிகையை அச்சடிக்க ஆகும் செலவை அதன் அட்டை விலை ஒருபோதும் கட்டியதில்லை. பின்னட்டையில் வரும் பைக் விளம்பரமும் பேட் விளம்பரமும்தான் கட்டின. அது போனதும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அமெரிக்காவில் 1886 முதல் வந்த ஸ்போர்ட்டிங் நியூஸ் 2012-ல் அச்சை நிறுத்தியது. அர்ஜென்டினாவில் 1919 முதல் வந்த எல் கிராஃபிகோ 2018-ல் மூடியது. மரடோனா வந்த தேசத்திலேயே ஒரு ஃபுட்பால் பத்திரிகைக்கு நூறாவது வருஷத்தைத் தொடக் கொடுத்துவைக்கவில்லை. ஈஎஸ்பிஎன் பத்திரிகை 2019-ல் போனது. 1978 முதல் வந்த இந்தி மாத இதழான கிரிக்கெட் சாம்ராட் கொரோனா வருஷமான 2020-ல் போனது.

அமெரிக்காவில் 1954-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் பட்ட பாடுதான் எனக்கு மிகவும் வலித்தது. வார இதழாக இருந்தது 2018-ல் இரு வாரத்துக்கு ஒன்றானது, 2020-ல் மாதம் ஒன்றானது. 2023 நவம்பரில், அதன் தளத்தில் இல்லாத ஆட்களின் பெயரில், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய முகங்களோடு கட்டுரைகள் வந்தன என்று வெளியே தெரிந்தது. எழுதியவர் என்று ஒரு பெயர், ஒரு படம், ரெண்டு வரி அறிமுகம் எல்லாம் இருந்தது. ஆள்தான் இல்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது கோபம் வந்தது, ஆனால் ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போது விளங்கவில்லை. வாலிபால் அண்ணன் வந்து போன பிறகுதான் விளங்கியது.

வாலிபால் அண்ணன்

தேவகோட்டைப் பக்கத்துக்காரர். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் அண்ணனுக்குச் சிநேகிதர், அதனால் எனக்கும் அண்ணன். எண்பதுகளில் நல்ல வாலிபால் ஆட்டக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். வீடு ஒழிக்கிற வேலையில் கை கொடுக்க வந்தவர், கட்டுகளைப் பார்த்துவிட்டு, “இதுல எங்க மேட்ச் ஒண்ணு வந்துச்சுன்னு யாரோ சொன்னாங்கப்பா. அப்ப யாரு ஆங்கிலப் புத்தகம் வாங்குறது. பாக்கவே இல்ல” என்றார்.

எந்த வருஷம் என்று ஒரு குத்துமதிப்பு இருந்தது. கட்டுகளைப் பிரித்தோம். அட்டையிலும் நடுவிலும் தேடவேண்டிய விஷயம் இல்லை அது. அந்தப் பத்திரிகைகளின் பின்பக்கங்களில் சின்ன எழுத்தில் தேசிய ஜூனியர் போட்டி, மாநிலப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று வரும். சின்ன வயதில் நான் ஒரு நாளும் அந்தப் பக்கங்களைப் படித்ததில்லை. மத்தியானம் தாண்டி, தென் மாவட்டம் ஒன்றில் நடந்த அகில இந்திய வாலிபால் போட்டியைப் பற்றி முக்கால் பக்கம் கிடைத்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு குழுப்படம். கீழே பெயர்கள். நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாவது இவர். தலை நிறைய முடி.

நான் வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு வாலிபாலில் சர்வ் போடுகிற அணிக்குத்தான் புள்ளி. எதிரணி ஜெயித்தால் சர்வ் மட்டும் கைமாறும், பதினைந்து எடுத்தால் செட். இப்போது இருக்கும் இருபத்தைந்து புள்ளிக் கணக்கு தொண்ணூறுகளின் கடைசியில்தான் வந்தது. அந்த முடிவு செட்டில் இவர்கள் 8, எதிரணி 13. இவர் சர்வ் போட வந்தார். அதற்கப்புறம் சர்வ் கைமாறவே இல்லை. வலையைத் தாண்டியதும் பந்து சுழலாமல் அசைந்து அசைந்து விழுந்ததாகவும், எதிரணியின் பின்வரிசை ஆள் இரண்டு தடவை கையை நீட்டிவிட்டுப் பின்வாங்கியதாகவும் நிருபர் எழுதியிருந்தார். 15-13. அப்புறம் ஒரு வரி. ஜெயித்ததும் மற்றவர்கள் குதித்துக்கொண்டிருக்க, சர்வ் போட்ட பையன் போய்ப் பந்தை எடுத்து நடுவரிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் பின்வரிசை ஆளு கைய இழுத்தான்ல, அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். திரும்ப ஒருமுறை அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். “பந்த எடுத்துக் குடுத்தத எவன் பாத்தான்?” என்று கேட்டார். கட்டுரையின் கீழே நிருபர் பெயர் இருந்தது. அண்ணனுக்கு அப்படி ஒரு ஆள் வந்திருந்ததே தெரியாது. மரப்பலகைக் காலரியில் எங்கேயோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ராத்திரி பஸ் ஏறித் திரும்பிப் போயிருக்கிறார்.

எனக்கு அந்த இடத்தில்தான் பிடிபட்டது. யாரோ ஒரு ஆசிரியர், காரைக்குடியில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு போட்டிக்கு ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார். பஸ் சார்ஜ், லாட்ஜ் வாடகை, சாப்பாட்டுக் காசு எல்லாம் கொடுத்து. அந்தக் காசை மரடோனா அட்டைப்படத்துக்காக அந்த இதழை வாங்கியவன் கொடுத்தான். நானும்தான் கொடுத்தேன். பின்பக்கத்தைப் படிக்காமலே அந்தப் பின்பக்கத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம். கிரிக்கெட் சம்பாதித்ததில் வாலிபாலும் ஹாக்கியும் கேரமும் ஒரு முக்கால் பக்கம் வாழ்ந்தன. இணையத்தில் ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனியாக நிற்கிறது. எத்தனை பேர் திறந்தார்கள் என்பது கட்டுரைவாரியாகத் தெரிந்துவிடுகிறது. தேவகோட்டைப் பையனின் சர்வை நாற்பது பேர் திறந்தார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை எந்த நிர்வாகம் ஆள் அனுப்பும்? முன்பு அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்தது எவ்வளவு நல்லது!

“எல்லாம் போனில் இருக்கிறது” என்பது கிரிக்கெட்டுக்கு உண்மை. 1986-ல் சென்னையில் வெற்றி தோல்வி இல்லாமல் சரிசமமாக முடிந்த டை டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் எடுத்த 210-ஐ யாரும் மறக்கப் போவதில்லை. அந்த மைதானத்துக்கு எங்கள் கானாடுகாத்தான் குடும்பத்து எம். ஏ. சிதம்பரம் பெயரும் நிலைத்துவிட்டது. யாரும் மெனக்கெடாமலே பதிவாகிவிடுகிற அளவுக்கு அது பெரிய விளையாட்டு. ஆனால் வாலிபால் அண்ணனின் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை. யாராவது போய்ப் பார்த்து எழுதினால்தானே போனில் இருக்கும். ஆள் இல்லாமல் பெயரை மட்டும் போட்டு எழுதிய அந்த அமெரிக்கக் கட்டுரைகள் மேல் எனக்கு வந்த கோபம் இதனால்தான். போய்ப் பார்த்தவர் என்று ஒருவர் இருப்பதுதான் அந்த எழுத்தின் மதிப்பே.

கோட்டையூர்க்காரர்

காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். ஊரில் எடைக்குப் போகிற தாளையெல்லாம் வாங்கி வாங்கிச் சேர்த்தார். புத்தகம் மட்டும் இல்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நின்றுபோன வார இதழ் என்று எதையும் தள்ளவில்லை. 1992-ல் அவர் இறந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு இது பெருமைக்குரிய கதை. எடைக்குப் போகிற தாளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு மனிதர் எங்கள் பக்கத்து ஊரில் இருந்தார்.

எங்கள் கட்டுகள் எடைக்குப் போகவில்லை. பின்பக்கங்களைப் படம் எடுத்து, தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் பெயர், ஊர், போட்டி, வருஷம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் நடக்கிறது. வாலிபால் அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது யாரும் போவதில்லை என்றும் சொல்ல முடியாது. திருவிழாச் சமயத்தில் எங்கள் கிராமங்களில் மின்னொளிக் கபடி நடக்கும். உள்ளூர்ப் பையன்கள் போனைக் கம்பத்தில் கட்டி ராத்திரி முழுக்க யூடியூபில் நேரலை விடுகிறார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டையும் அப்படித்தான் உலகம் பார்க்கிறது. நல்ல விஷயம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் விடிய விடிய ஓடுகிற அந்தப் படத்தில் யார் ஆடினார்கள் என்று எங்கேயும் எழுதியிருப்பதில்லை. ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்தால் முதல் பரிசு கொடுத்தவர், சுழற்கோப்பை கொடுத்தவர், மைக்செட்டுக்குக் கொடுத்தவர் வரை பெயர் இருக்கும். ஆடியவன் பெயர் இருக்காது. இன்னும் பத்து வருஷம் கழித்து அந்தச் சேனலே இல்லாமல் போகலாம். இருந்தாலும் பனியன் நம்பரை வைத்து யாரைத் தேட முடியும்?

அதனால் இந்த வருஷம் புதுவயல் பக்கம் ஒரு மின்னொளிக் கபடிக்குப் போனபோது நோட்டுப் புத்தகம் எடுத்துப் போனேன். ஸ்கோர் மேசையில் இருந்தவரிடம் கேட்டு ஒவ்வொரு அணியின் பன்னிரண்டு பேரையும் இனிஷியலோடு, ஊரோடு எழுதினேன். இறுதி ஆட்டத்தில் கடைசி ரைடுக்கு யார் போனது, யார் பிடித்தது, எந்தக் காலைப் பிடித்தது என்பதையும் எழுதினேன். நேரலை விட்ட பையனிடம் கொடுத்ததும் அவன் யோசிக்கவே இல்லை, அங்கேயே உட்கார்ந்து படத்துக்குக் கீழே எல்லாவற்றையும் தட்டினான். மறுநாள் மத்தியானம் அவன் எனக்குப் போன் செய்தான். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டாராம். தன் தங்கை மகனுக்கு இனிஷியல் தப்பாகப் போட்டிருக்கிறது, ‘மு’ இல்லை ‘மெ’ என்று மாற்றச் சொன்னாராம். “மாத்திரவாண்ணே?” என்று கேட்டான். உடனே மாற்றச் சொன்னேன். அடுத்த வாரம் பள்ளத்தூர்ப் பக்கம் ஆட்டம் இருக்கிறது, வருகிறீர்களா என்றும் கேட்டான்.